குறட்டை நின்றால் முழிப்பு வருகிறது

கொங்குப் பகுதியின் ஒரு சிற்றூரிலிருந்து 49 வயது வாசகி ஒருவர் ஆறு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆளை அடையாளம் காட்டக்கூடியதை எல்லாம் எடுத்துவிட்டுச் சுருக்கமாகத் தருகிறேன்.

வீட்டுக்காரருக்கு 52 வயது. சொந்தமாக விசைத்தறிப் பட்டறை வைத்திருக்கிறார். உயரம் 170 செ.மீ., எடை 84 கிலோ. எட்டு வருடமாகப் பிரஷர் இருக்கிறது. தினமும் மூன்று மாத்திரை, அதில் ஒன்று தண்ணி மாத்திரை (உடம்பிலுள்ள நீரைச் சிறுநீராக வெளியேற்றுவது). அப்படியும் 158/98க்குக் கீழே இறங்க மாட்டேன் என்கிறது. குறட்டை கல்யாணமான நாளிலிருந்தே உண்டு. ஆனால் மூன்று நான்கு வருடமாக நடுநடுவே மூச்சே நின்றுவிடுகிறது. அதை வாசகி இப்படி எழுதியிருக்கிறார்: “குறட்டைச் சத்தத்தில் எனக்கு நன்றாகத் தூக்கம் வரும் டாக்டர், தறிச் சத்தத்தில் வளர்ந்தவள் நான். அது நிற்கும்போதுதான் முழிப்பு வருகிறது. தறி நின்றால் முழிப்பு வருமே, அதுமாதிரி. உடனே மனசுக்குள் எண்ண ஆரம்பிப்பேன். முப்பது, நாற்பது வரைக்கும் எண்ணியிருக்கிறேன். அப்புறம் ஒரு செருமலோடு மூச்சு வரும். நானும் மூச்சு விடுவேன்.”

இரவில் மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுகிறார். காலையில் தலை கனம். சில நாள் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டே விழிக்கிறார். பகலில் கணக்கு நோட்டைப் பிடித்தபடியே தூங்கிவிடுகிறார். இரண்டு மாதத்துக்கு முன் நூல் எடுக்க ஈரோடு போகும்போது கண் அசந்து, கார் சாலையோர மைல்கல்லில் உரசி நின்றிருக்கிறது. அதற்குப் பிறகுதான் நுரையீரல் மருத்துவரிடம் போயிருக்கிறார்கள். வீட்டிலேயே கருவியை மாட்டிப் பார்த்த தூக்கப் பரிசோதனையில் ஏ.எச்.ஐ. (மணிக்கு எத்தனை முறை மூச்சு அடைபடுகிறது என்ற கணக்கு) 42, ஆக்சிஜன் அளவு ஒரு கட்டத்தில் 74 சதவீதம் வரை இறங்கியிருக்கிறது. ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு அடைபடும் நோய்), அதுவும் கடுமையானது, சிபாப் மெஷின் (மூக்கு வழியாகக் காற்றை அழுத்தி அனுப்பும் கருவி) வேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார்.

வீட்டுக்காரர் மறுக்கிறார். “மூக்கில் மாஸ்க் வைப்பதெல்லாம் கடைசிக் காலத்தில். எனக்கு ஈ.சி.ஜி. நார்மல், எக்கோ நார்மல். குறட்டை விட்டுத் தூங்குகிறவனுக்கு என்ன வியாதி?” என்கிறார். மாமனார் 61 வயதில் தூக்கத்திலேயே போனவர். அவருக்கும் இதே குறட்டை. ‘நல்ல சாவு’ என்று ஊரே சொன்னதாம். அந்த வார்த்தை நினைவுக்கு வரும்போதெல்லாம் தனக்குக் கை கால் நடுங்குகிறது என்கிறார் வாசகி.

அவர் கேட்பவை: குறட்டைக்கும் இதயத்துக்கும் உண்மையில் தொடர்பு உண்டா? மெஷின் வைத்தால் ஹார்ட் அட்டாக் வராதா, பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடலாமா? கொரோனா சமயத்தில் வாங்கிய ஆக்சிஜன் கான்சன்ட்ரேட்டர் பரணில் கிடக்கிறதே, அதையே இரவில் வைத்தால் போதாதா? இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிந்தால் பாலிசி போய்விடுமா?

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முப்பது, நாற்பது என்று எண்ணினீர்களே, அதைவிட நல்ல தகவலை என்னிடம் வரும் நோயாளிகள் கொண்டுவருவதில்லை. தூங்குகிறவருக்குத் தன் மூச்சு நிற்பது தெரியாது, பக்கத்தில் படுத்திருப்பவருக்குத்தான் தெரியும். இது எனக்கு உறைத்தது தாமதமாகத்தான். பல வருடத்துக்கு முன் ஒரு தலைமை ஆசிரியருக்கு மூன்று வருடம் பிரஷர் மாத்திரையை மாற்றி மாற்றிக் கொடுத்தேன். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகியது. ஒருநாள் அவர் மனைவி கூட வந்தார். “ராத்திரியில் இவர் மூச்சு நின்று நின்று வருது, அதுக்கு ஏதாவது மருந்து இருக்கா?” என்று கிளம்பும்போது வாசலில் நின்று கேட்டார். மூன்று வருடமாக நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. அன்றிலிருந்து மாத்திரைக்கு அடங்காத பிரஷரோடு யார் வந்தாலும், அடுத்த முறை வீட்டில் கூடப் படுப்பவரையும் அழைத்து வரச் சொல்கிறேன்.

அடுத்தது, உங்கள் பயத்தைப் பற்றி. எழுப்பாமல் விட்டால் மூச்சு அப்படியே நின்றுவிடும் என்று நினைத்து இரவெல்லாம் காவல் இருக்கிறீர்கள். அப்படி இல்லை. ஒவ்வொரு முறையும் அவருடைய மூளையே அவரை எழுப்பிவிடுகிறது. நீங்கள் முதுகில் தட்டாவிட்டாலும் அந்தச் செருமல் வரும். ஒற்றை மூச்சடைப்பு ஆளைக் கொண்டுபோவதில்லை. இது வருடக்கணக்கில், ராத்திரி ராத்திரியாக இதயத்தைத் தேய்க்கிற சங்கதி. அதனால் இன்றைக்கே என்ன ஆகுமோ என்று பதற வேண்டாம். அதற்காக அடுத்த தீபாவளி வரை தள்ளிப்போடவும் வேண்டாம்.

குறட்டை நல்ல தூக்கத்தின் அடையாளமா?

உங்கள் வீட்டுக்காரர் மட்டுமில்லை, நம்மில் பலரும் இப்படித்தான் நம்புகிறோம். ‘குறட்டை விட்டுத் தூங்கினான்’ என்பதை நிம்மதிக்கு உவமையாகவே சொல்லிப் பழகிவிட்டோம்.

நடப்பது வேறு. தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன, நாக்கு பின்னால் சரிகிறது. சிலருக்கு அந்தப் பாதை இயல்பிலேயே குறுகல். அப்போது காற்று உரசிப் போகும் சத்தம்தான் குறட்டை. இன்னும் குறுகி முழுதாக மூடிக்கொண்டால் சத்தம் நின்றுவிடும். ஆனால் நெஞ்சு சும்மா இருப்பதில்லை, மூடிய பாதையை எதிர்த்து மூச்சை இழுத்துக்கொண்டே இருக்கும். இந்த அடைப்பு 10 நொடிக்கு மேல் நீடித்தால் ஒன்று என்று கணக்கு. பாதை பாதியளவு அடைத்து ஆக்சிஜன் இறங்குவதையும் சேர்த்து எண்ணுவார்கள். மணிக்கு எத்தனை முறை என்பதுதான் ஏ.எச்.ஐ. 5க்குக் கீழே இயல்பு, 15 வரை லேசானது, 30 வரை நடுத்தரம், அதற்கு மேல் கடுமை. இவருக்கு 42. ஆறு மணி நேரத் தூக்கத்துக்குக் கணக்குப் போட்டால் 250 தடவை. ஒரு ராத்திரிக்கு.

“அவர் ஒன்றும் அவ்வளவு குண்டு இல்லையே” என்றும் எழுதியிருக்கிறீர்கள். 170 செ.மீ.க்கு 84 கிலோ என்றால் பி.எம்.ஐ. 29. இந்திய உடல்வாகுக்கு 25ஐத் தாண்டினாலே உடல் பருமன் என்று எடுத்துக்கொள்கிறோம். அதோடு குட்டைக் கழுத்து, உள்ளடங்கிய கீழ்த்தாடை இருந்தால் ஒல்லியான ஆளுக்கும் இது வரும். அப்பா, பிள்ளை இருவருக்கும் ஒரே முகவாக்கு என்று போகிறபோக்கில் எழுதியிருந்தீர்களே, அது வெறும் சாயல் மட்டும் இல்லை.

இதயத்துக்குள் என்ன நடக்கிறது

மூடிய தொண்டையை எதிர்த்து நெஞ்சு இழுக்கும்போது நெஞ்சுக்கூட்டுக்குள் உறிஞ்சும் விசை உண்டாகிறது. அதற்கு நடுவில்தான் இதயம் இருக்கிறது. வெளியிலிருந்து அதன் சுவரை ஒருவர் இழுத்துப் பிடித்திருக்க, அது உள்ளிருந்து ரத்தத்தைத் தள்ள வேண்டும். கூடவே ஆக்சிஜன் இறங்குகிறது, கரியமில வாயு ஏறுகிறது. மூளை ஆபத்து என்று நினைத்து அட்ரினலினைக் கொட்டுகிறது, ரத்தக் குழாய்கள் இறுகுகின்றன. அந்தச் செருமலோடு மூச்சு திரும்பும் நொடியில் பிரஷர் சட்டென்று ஏறும். சிலருக்கு மேல் அளவு 200ஐத் தாண்டுவதும் உண்டு. அவர் தூங்கிக்கொண்டுதான் இருப்பார், காலையில் எதுவும் நினைவிருக்காது.

ஆரோக்கியமான ஒருவருக்குத் தூக்கத்தில் பிரஷர் 10 முதல் 20 சதவீதம் வரை குறையும். நாள் முழுக்க ஓடிய இதயத்துக்கும் ரத்தக் குழாய்க்கும் அதுதான் ஓய்வு. இவருக்கு அந்த ஓய்வே கிடையாது. ராத்திரி முழுக்க உதைபட்ட நரம்பு மண்டலம் பகலிலும் அடங்குவதில்லை. மூன்று மாத்திரைக்கும் பிரஷர் மசியாததற்குக் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். தண்ணி மாத்திரையோடு சேர்த்து மூன்று மருந்துக்கும் அடங்காத பிரஷர் உள்ளவர்களைத் தேடிப் பார்த்தால் அவர்களில் மிகப் பலருக்கு இந்த மூச்சடைப்பு இருக்கிறது. ஆனாலும் எல்லாப் பழியையும் இதன்மேலேயே போட்டுவிடக் கூடாது. மாத்திரையை நாள் தவறாமல் எடுக்கிறாரா, முழங்கால் வலிக்கு மெடிக்கல் ஷாப்பில் வலி மாத்திரை வாங்கிப் போடுகிறாரா, ஆல்டோஸ்டீரோன் என்ற ஹார்மோன் கூடுதலாகச் சுரக்கிறதா என்பதையும் உங்கள் மருத்துவர் பார்க்க வேண்டும்.

மூன்று முறை எழுந்து போவதைச் சுகர் என்று நினைத்து இரண்டு தடவை ரத்தம் கொடுத்துப் பார்த்திருக்கிறீர்கள், சுகர் இல்லை. அதற்கும் இதுதான் காரணமாக இருக்கலாம். அந்த உறிஞ்சு விசையில் இதயத்தின் மேலறைச் சுவர் இழுபடும்போது, உடம்பில் நீர் மிகுந்துவிட்டது என்று தப்பாகக் கணக்குப் போட்டு, சிறுநீரைக் கூட்டும் ஒரு ஹார்மோனை அது சுரக்கிறது. மெஷின் வைத்த முதல் வாரத்திலேயே பலர் வந்து சொல்லும் நல்ல சேதி, “ராத்திரி எழுந்திரிக்கவே இல்ல டாக்டர்” என்பதுதான்.

அதே மேலறைதான் வருடக்கணக்கில் இழுபட்டு இழுபட்டு ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற ஒழுங்கற்ற துடிப்புக்குத் தயாராகிறது. அந்தத் துடிப்பில் மேலறைக்குள் ரத்தம் உறைந்து, அந்தக் கட்டி மூளைக்குப் போனால் பக்கவாதம். அவர் படபடப்போடு விழிக்கிறார் என்பதால், 24 மணி நேரம் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள். ஐந்து நிமிட ஈ.சி.ஜி.யில் பகல் துடிப்புதான் தெரியும், ராத்திரிக் கதை தெரியாது.

எக்கோ ரிப்போர்ட்டையும் நகலெடுத்து அனுப்பியிருந்தீர்கள். இ.எஃப். 62 சதவீதம் என்பதைப் பார்த்து நார்மல் என்று வைத்துக்கொண்டீர்கள். அது இதயம் சுருங்கித் தள்ளும் திறன், அது நன்றாகவே இருக்கிறது. அதற்கு இரண்டு வரி கீழே பாருங்கள். இடது கீழறைச் சுவர் தடித்திருக்கிறது, தளர்ந்து விரிவதில் முதல் நிலைக் குறைபாடு என்று இருக்கிறது. பாரம் தூக்கித் தூக்கிக் கை தசை கட்டுவதுபோல, கூடுதல் பிரஷரை எதிர்த்துத் தள்ளியே சுவர் தடித்திருக்கிறது. கைக்கு அது அழகு, இதயத்துக்கு அழகில்லை. இன்றைக்கு இது ஆபத்தான நிலை இல்லை. ஆனால் அந்த ரிப்போர்ட்டைக் காட்டி ‘எனக்கு ஒன்றுமில்லை’ என்று அவர் சொல்ல முடியாது.

மாமனார் விஷயம்

அவருக்கு என்ன ஆனது என்று இப்போது யாராலும் சொல்ல முடியாது. நானும் ஊகிக்கப் போவதில்லை. திடீர் இதய மரணங்கள் பொதுவாகக் காலை ஆறு மணியிலிருந்து மதியத்துக்குள் அதிகம் நடக்கும். அமெரிக்காவில் மேயோ கிளினிக் மருத்துவர்கள் 2005இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். ஏற்கெனவே தூக்கப் பரிசோதனை செய்துகொண்டு, பிறகு திடீர் இதய மரணம் அடைந்த 112 பேரின் பதிவுகளை எடுத்துப் பார்த்தார்கள். மூச்சடைப்பு இருந்தவர்களில் 46 சதவீதம் பேர் நள்ளிரவுக்கும் காலை ஆறுக்கும் இடையில் இறந்திருந்தார்கள். மூச்சடைப்பு இல்லாதவர்களில் அது 21 சதவீதம். சிறிய ஆய்வுதான், அதை வைத்து எல்லாருக்கும் தீர்ப்பு எழுதக் கூடாது. ஆனால் வயதாகித் தூக்கத்தில் போவதும், 61 வயதில் தூக்கத்தில் போவதும் ஒன்றில்லை என்று உங்கள் மனசுக்குப் பட்டதே, அது சரிதான்.

மெஷின் எதைத் தரும், எதைத் தராது

சிபாப் என்பது வென்டிலேட்டர் இல்லை, ஆக்சிஜனும் இல்லை. அறையில் இருக்கும் சாதாரணக் காற்றையே லேசான அழுத்தத்தில் மூக்கு வழியாக அனுப்புகிறது. காற்றில்லாத சைக்கிள் டியூபின் சுவர்கள் ஒட்டிக்கொள்ளும், நாலு தடவை பம்ப் அடித்தால் பிரிந்து நிற்கும். தொண்டைக்கும் அவ்வளவுதான். இது வருவதற்கு முன்பு கடுமையான ஆப்னியாவுக்குக் கழுத்தில் துளை போடுவது ஒன்றுதான் வழி. சிட்னியில் காலின் சல்லிவன் என்ற மருத்துவர் ஐந்து நோயாளிகளுக்கு இந்தக் காற்றழுத்த முறையைச் செய்து பார்த்து 1981இல் வெளியிட்டார். ‘கடைசிக் காலத்தில் வைப்பது’ என்கிறாரே உங்கள் வீட்டுக்காரர், நாளெல்லாம் வேலைக்குப் போய்வருகிறவர்கள்தான் இதை வைத்துக்கொண்டு தூங்குகிறார்கள்.

இனி நீங்கள் எதிர்பார்க்காத பதில். இதை வைத்தால் ஹார்ட் அட்டாக் வராது என்று என்னால் எழுதித் தர முடியாது. இதய நோயோ பக்கவாதமோ ஏற்கெனவே வந்தவர்கள் 2,700 பேரை, இந்தியா உட்பட ஏழு நாடுகளில் வைத்து ஒரு பெரிய ஆய்வு நடந்தது. சேவ் என்று பெயர், 2016இல் முடிவு வந்தது. சிபாப் கொடுத்தவர்களுக்கும் கொடுக்காதவர்களுக்கும் மாரடைப்பு, பக்கவாதம், இதய மரணம் இவற்றில் வித்தியாசம் தெரியவில்லை. இதைக் காட்டி ‘மெஷின் வீண்’ என்று வாதாடுகிறவர்கள் உண்டு. நான் இரண்டு விஷயத்தைக் கவனிக்கிறேன். ஒன்று, அவர்கள் மெஷினை வைத்தது சராசரியாக ராத்திரிக்கு 3.3 மணி நேரம்தான். பாதித் தூக்கத்துக்குக் குடை பிடித்துவிட்டு மீதியில் நனைந்த கதை. இரண்டு, பகலில் மிக அதிகமாகத் தூங்கி விழுகிறவர்களையும், ஆக்சிஜன் மிக மோசமாக இறங்குகிறவர்களையும் அந்த ஆய்வில் சேர்க்கவே இல்லை. மைல்கல்லில் காரை உரசியவரை அவர்கள் எடுத்திருக்க மாட்டார்கள்.

சரி, அப்படியானால் எதற்காக வைப்பது? பகல் தூக்கம் போகும். அது உறுதியாகவே கிடைக்கும் பலன். குறட்டை நிற்கும், தலை கனம் குறையும், மனசும் தெளியும். பிரஷர் கொஞ்சம் இறங்கும். ஸ்பெயினில் 2013இல் வெளிவந்த ஓர் ஆய்வில், இவரைப் போல மருந்துக்கு அடங்காத பிரஷர் உள்ளவர்கள் 12 வாரம் சிபாப் வைத்தபோது 24 மணி நேரச் சராசரி 3 புள்ளி குறைந்தது. அதிக நேரம் வைத்தவர்களுக்கு அதிகமாகவே குறைந்தது. மூன்று புள்ளி உங்களுக்குச் சின்னதாகத் தெரியும். ஆண்டுக்கணக்கில் பார்க்கும் எனக்கு அது சின்னது இல்லை. ஆனால் மாத்திரையை நிறுத்துகிற அளவும் இல்லை. 158ஐ 155 ஆக்குவதற்காக மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். மெஷினும் மாத்திரையும் சேர்ந்துதான் வேலை செய்யும். அளவு நன்றாக இறங்கினால் குறைப்பதைப் பற்றி அப்போது மருத்துவர் முடிவு செய்வார்.

எடையைக் குறைத்தால் போதாதா என்றால், குறைக்கத்தான் வேண்டும். அமெரிக்காவின் விஸ்கான்சினில் நீண்ட நாள் நடந்த ஆய்வின் கணக்குப்படி, உடல் எடையில் 10 சதவீதம் குறைந்தால் ஏ.எச்.ஐ. சுமார் 26 சதவீதம் குறையும். இவர் எட்டு கிலோ இறக்கினால் 42 என்பது 31 ஆகலாம். நல்ல முன்னேற்றம்தான், ஆனால் அப்போதும் கடுமை என்ற கட்டத்துக்குள்ளேதான் நிற்பார். ஆகவே எடை குறையும்வரை காத்திருப்போம் என்பது வேண்டாம். இரண்டும் கூடவே நடக்கட்டும். மல்லாந்து படுப்பதைத் தவிர்த்து ஒருக்களித்துப் படுக்கச் சொல்லுங்கள், அதற்குச் செலவில்லை. கீழ்த்தாடையை முன்னால் இழுத்து வைக்கும் பல் கருவி ஒன்று உண்டு. லேசான, நடுத்தர நிலைக்கு அது நல்லது. 42க்கு அதை முதல் வழியாக நான் சொல்ல மாட்டேன். மெஷின் ஒத்துவரவே இல்லை என்றால் பார்க்கலாம்.

பரணில் இருக்கும் ஆக்சிஜன்

அதை இறக்க வேண்டாம். பூட்டிய கதவுக்கு வெளியே எத்தனை குடம் தண்ணீர் வைத்தாலும் உள்ளே இருப்பவருக்குத் தாகம் தீராது. கான்சன்ட்ரேட்டர் தொண்டையைத் திறப்பதில்லை. ஆக்சிஜன் அளவு பார்ப்பதற்கு மேலே நிற்கும், ஆனால் அடைப்பு அப்படியேதான் இருக்கும். சிலருக்கு ஒவ்வோர் அடைப்பும் இன்னும் நீண்டு கரியமில வாயு தேங்கும். அமெரிக்காவில் 2014இல் வெளியான ஆய்வில் சிபாப்பையும் இரவு ஆக்சிஜனையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சிபாப் பிரஷரைக் குறைத்தது, ஆக்சிஜன் குறைக்கவில்லை.

அப்புறம், காலமான பெரியப்பா வைத்திருந்த மெஷினையே எடுத்துக்கொள்ளலாமா என்றும் எழுதியிருந்தீர்கள். புது மெஷினுக்கான ஐம்பத்தைந்தாயிரம் செலவு மிச்சம் என்று தோன்றுவது புரிகிறது. ஆனால் அழுத்தம் ஆளுக்கு ஆள் வேறு. அதோடு, பெரியப்பாவுக்கு இதயம் பலவீனமாக இருந்தது என்கிறீர்கள். அப்படிப்பட்டவர்களுக்குக் கொடுக்கும் கருவி வேறு வகையாகக்கூட இருக்கலாம். 2021இல் ஒரு பன்னாட்டு நிறுவனம் உள்ளே இருக்கும் ஸ்பாஞ்ச் உதிர்கிறது என்று உலகம் முழுக்கப் பல லட்சம் மெஷின்களைத் திரும்பப் பெற்றதும் உண்டு. எடுத்தே ஆக வேண்டும் என்றால் வகை, மாடல், சீரியல் எண்ணை மருத்துவரிடம் காட்டி அவர் சரி சொன்ன பிறகு, மாஸ்க்கும் குழாயும் புதிதாக வாங்கிப் பயன்படுத்துங்கள். வாங்குவதற்கு முன் இரண்டு வாரம் வாடகைக்கு எடுத்துப் பார்க்க முடிகிறதா என்றும் கேளுங்கள். வீட்டுக்காரருக்கும் ‘வேண்டாம் என்றால் திருப்பிக் கொடுத்துவிடலாம்’ என்ற சமாதானம் கிடைக்கும்.

உடனே செய்ய வேண்டியவை

இதயத்தைப் பற்றி இவ்வளவு எழுதினேன். ஆனால் இந்த மாதத்தில் அவருக்கு இருக்கும் மிகப் பெரிய ஆபத்து இதயத்தில் இல்லை, ஸ்டியரிங்கில் இருக்கிறது. சிகிச்சை தொடங்கிப் பகல் தூக்கம் தெளியும்வரை அவர் கார் ஓட்டக் கூடாது. ஈரோட்டுக்கு டிரைவர் வைத்துப் போகட்டும், இல்லாவிட்டால் பஸ்ஸில் போகட்டும். வழியில் டீ குடித்துக்கொண்டு, கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு சமாளிப்பதெல்லாம் உதவாது. மைல்கல் இருந்த இடத்தில் சைக்கிளில் ஒரு பையன் போயிருக்கலாம் என்று ஒரே ஒரு தடவை சொல்லிப் பாருங்கள். தன் உயிரைப் பற்றிச் சொன்னால் காது கொடுக்காத ஆண்கள்கூட இதற்குக் கேட்பதை நான் பார்த்திருக்கிறேன்.

தூக்கம் சரியில்லை என்று கடையில் கேட்டு வாங்கிப் போடும் அல்ப்ரஸோலம் மாத்திரை, சனிக்கிழமை பிராந்தி, இவை இரண்டும் தொண்டையை இன்னும் தளர்த்தி, மூளை எழுப்புவதையும் தாமதப்படுத்தும். பிராந்தியை இன்றே நிறுத்தலாம். மாத்திரையைத் தினமும் போட்டுப் பழகியிருந்தால் சட்டென்று நிறுத்தாமல், மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

குடலிறக்க ஆபரேஷனுக்கு நாள் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா, மயக்க மருந்து கொடுப்பவரிடம் ஸ்லீப் ஆப்னியா என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். மெஷின் வாங்கிவிட்டால் அதையும் ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போங்கள்.

மெஷினைப் பழக்கும் விதம் ஒன்று இருக்கிறது. முதல் நாளே ராத்திரி பத்து மணிக்கு மாட்டிவிட்டு விளக்கை அணைத்தால் பத்தரைக்குக் கழற்றி எறிவார். சாயங்காலம் டி.வி. பார்க்கும்போது அரை மணி நேரம் சும்மா மாட்டிக்கொண்டு உட்காரட்டும். தோல்வி பெரும்பாலும் மெஷினால் வருவதில்லை, பொருந்தாத மாஸ்க்கால் வருகிறது. காற்றுக் கசிந்தால், மூக்குத் தண்டு சிவந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள், அது உங்கள் உரிமை. தொண்டை வறண்டால் ஈரப்பதம் சேர்க்கும் தொட்டி உண்டு. மின்சாரம் போனால் என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். வீட்டு இன்வெர்ட்டரே இதற்குப் போதும். ராத்திரிக்கு எத்தனை மணி நேரம் வைத்தார், ஏ.எச்.ஐ. எவ்வளவு என்று மெஷினே பதிவு செய்து வைக்கும். ஒரு மாதம் கழித்து அந்தப் பதிவோடு மருத்துவரைப் பாருங்கள். நான்கு மணி நேரம் என்பது குறைந்தபட்சம். தூங்கும் நேரம் முழுதும் வைப்பதுதான் கணக்கு.

இன்ஷூரன்ஸ்

மறைக்க வேண்டாம், பயப்படவும் வேண்டாம். குடும்ப பாலிசி ஆறு வருடமாக விடாமல் ஓடுகிறது என்கிறீர்கள். பாலிசி எடுத்துப் பல வருடம் கழித்துக் கண்டுபிடித்த நோய் ‘முன்பே இருந்த நோய்’ ஆகாது. தவிர, 2024இல் ஐ.ஆர்.டி.ஏ.ஐ. (இன்ஷூரன்ஸ் கம்பெனிகளை ஒழுங்குபடுத்தும் ஆணையம்) கொண்டுவந்த விதிப்படி, 60 மாதம் தொடர்ந்து கட்டிய பாலிசியில், மோசடி என்று நிரூபித்தால் ஒழிய, ‘முன்பே சொல்லவில்லை’ என்று காரணம் காட்டி க்ளெய்மை மறுக்க முடியாது. புதிதாக வேறு பாலிசி எடுத்தால் மட்டும் இதைக் கட்டாயம் எழுதுங்கள். அதற்குக் காத்திருப்புக் காலம் அதிகபட்சம் 36 மாதம். மெஷின் விலையை மட்டும் பெரும்பாலான பாலிசிகள் தருவதில்லை. உங்களுடையதில் எப்படி என்று பாலிசிப் பத்திரத்தில் பார்த்துவிடுங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

அவரைச் சம்மதிக்க வைப்பது எப்படி என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறேன். இன்று ராத்திரி செல்போனில் பத்து நிமிடம் வீடியோ எடுங்கள். மூச்சு நிற்பதும், வயிறும் நெஞ்சும் தவிப்பதும், செருமலும் அதில் வரட்டும். காலையில் காபியோடு கையில் கொடுத்துவிடுங்கள், எதுவும் பேச வேண்டாம். தறி ஓடுகிற விதத்தைக் காதால் கேட்டே கோளாறு சொல்கிறவர் அவர். தன் சத்தத்தைத் தானே கேட்டால் புரிந்துகொள்வார்.

கடைசிப் பக்கத்தின் அடியில் ஒரு வரி எழுதி அடித்துவிட்டிருந்தீர்கள். வெளிச்சத்தில் பிடித்துப் படித்துவிட்டேன், மன்னிக்கவும். மாதவிடாய் நின்று இரண்டு வருடம் ஆகிறது, எவ்வளவு படுத்தாலும் அலுப்புத் தீரவில்லை, காலையில் தலைவலி, நீயும்தான் குறட்டை விடுகிறாய் என்று மகள் சிரிக்கிறாள் என்று இருந்தது. அதை அடித்திருக்க வேண்டாம். மாதவிடாய் நின்ற பிறகு பெண்களுக்கும் இந்த மூச்சடைப்பு அதிகமாக வருகிறது. பெண்கள் பெரும்பாலும் குறட்டை என்று சொல்லி வருவதில்லை. அலுப்பு, தூக்கமின்மை என்று வருவார்கள், தைராய்டு பார்த்துவிட்டு அனுப்பிவிடுவோம். உங்கள் தூக்கம் கெட்டது அவரைக் காவல் காத்ததால் மட்டும்தானா என்பது எனக்குச் சந்தேகம். அவருக்கு மறுபரிசோதனைக்கு அந்தக் கருவி வீட்டுக்கு வரும்போது இன்னொரு ராத்திரிக்கும் சேர்த்துக் கேட்டு வாங்கி, அன்றைக்கு உங்கள் விரலில் மாட்டிக்கொள்ளுங்கள்.